"வந்தாரு, நீங்க தூங்கிட்டு இருந்தீங்க"

மார்ச் 3

பதினான்காவது பேட்டியும் முடிந்தது. "நோயாளிகிட்ட எப்பவாவது பொய் சொல்லியிருக்கீங்களா?" என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வின் மையக் கேள்வி. பதினான்கு நர்ஸுகளும் ஒரே குரலில், "ச்சேச்சே, இல்லவே இல்ல சிஸ்டர்." வருடக்கணக்காக என்னோடு வேலை பார்ப்பவர்கள். "டாக்டர் படி ஏறிட்டு இருக்காரு" என்று இவர்கள் நோயாளியிடம் சொல்லும்போது டாக்டர் வீட்டில் சோப்புப் போட்டுக்கொண்டிருப்பார்.

என் நெறியாளர் என்னைவிடப் பதினோரு வயது சின்னவர். ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மேடம், இது பேட்டி மாதிரி இல்ல. நீங்க வார்டுக்கு ரவுண்ட்ஸ் வந்த மாதிரி இருக்கு. நடுங்குறாங்க."

நடுங்குகிறார்களா? என்னைப் பார்த்தா?

இரண்டு முறை கால நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. டிசம்பருக்குள் ஆய்வேடு போகாவிட்டால் பதிவு ரத்து. நாற்பத்தேழு வயதில் உனக்கு இது தேவையா என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை.

மார்ச் 4

வீட்டுக்காரரிடம் தலைப்பை விளக்கினேன். அவர் லிஃப்ட் மெக்கானிக். "லிஃப்ட்ல மாட்டுனவங்ககிட்ட 'அஞ்சே நிமிஷம்'னு நான் சொல்றதும் இதுல சேருமா?" என்றார். சேராது என்றேன். முகம் வாடிவிட்டது.

மார்ச் 9

எப்படி எழுதுவது... சரி, எழுதிவிடுகிறேன்.

எலும்பு முறிவு வார்டு, எட்டாம் படுக்கை. ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர். இடுப்பு எலும்பில் அறுவை முடிந்து நான்கு நாள். மதிய மாத்திரை கொடுக்கப் போனேன். "என் தம்பி வந்தானா சிஸ்டர்?" என்று கேட்டார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கும் ஒரு சுவரால் வந்த சண்டை. ஒன்பது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஆயிரம் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திய குரல், இந்தக் கேள்வியைக் கேட்கும்போது நூலாகிவிட்டது.

"வந்தாரு சார். நீங்க தூங்கிட்டு இருந்தீங்க. எழுப்ப வேணாம்னுட்டாரு."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் முகம் மலர்ந்ததில் எனக்கும் சந்தோஷம். மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு பத்தாம் படுக்கைக்குப் போன பிறகுதான் உறைத்தது. நர்சிங் அறநெறியில் முனைவர் படிப்பு! ஊருக்கடி உபதேசம், உனக்கில்லையடி பெண்ணே.

மார்ச் 10

மாஸ்டர் தம்பிக்குப் போன் போட்டு, வந்ததற்குச் சந்தோஷம் என்று சொல்லிவிட்டார்!!

காலையில் ஒருவர் ஆரஞ்சுப் பழப் பையோடு வார்டு வாசலில் நின்றார். மாஸ்டரின் அதே மூக்கு. "சிஸ்டர், நான் நேத்து வந்தேனாமே?"

தனியாக அழைத்துப்போய் ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று பார்த்தால் கண் கலங்கினார். "வந்ததாவே இருக்கட்டும்மா. ஒன்பது வருஷம் கழிச்சு அண்ணன் பேசியிருக்காரு. கெடுத்துடாதீங்க."

உள்ளே போய், "நேத்து நீ அசந்து தூங்கிட்டு இருந்தண்ணே" என்கிறார். என் பொய்க்கு இப்போது ஒரு கூட்டாளி.

மார்ச் 11

சொல்லணுமா? சொன்னா யாருக்கு என்ன நல்லது? அந்த மனுஷன் சிரிச்சுக்கிட்டு இருக்காரே! — ஆனா, நாளைக்கு வீட்டுல வெச்சு தம்பி வாய் தவறிட்டா? அப்ப நான் பக்கத்துல இருக்க மாட்டேனே.

மார்ச் 12

சொல்லிவிட்டேன். மன்னிப்பும் கேட்டேன்.

தம்பி வராததைப் பற்றித்தான் கேட்பார் என்று நினைத்தேன். மாஸ்டர் கேட்டது வேறு.

"அப்ப பி.பி. நார்மல்னு சொன்னீங்களே, அது?"

"உண்மைதான் சார்."

"இடுப்புல வெச்ச பிளேட் சரியா உட்கார்ந்திருக்குன்னீங்களே? நான் நடந்துடுவேன்னீங்களே?"

ஒவ்வொன்றாகக் கேட்டார். நான்கு வருடம் படித்த எந்தப் புத்தகமும் எனக்கு இதை இப்படிப் புரியவைக்கவில்லை. சொன்னது ஒரே ஒரு பொய். அதோடு என் உண்மைகள் அத்தனையும் செல்லாமல் போய்விட்டன. வேறு நர்ஸை அனுப்பச் சொல்லிவிட்டார். தம்பி என்னை முறைத்துவிட்டுப் போனார். மருந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மார்ச் 14

எட்டாம் படுக்கையில் கூச்சல். ஓடினேன்.

"சுவரை ஒண்ணரை அடி உள்ள தள்ளிக் கட்டுனது யாருடா?"

"அளந்தது யாருண்ணே? நீதானே!"

தம்பி சண்டை போட்டபடியே ஆரஞ்சு உரித்துக் கொடுக்கிறார். அண்ணன் தின்றபடியே திட்டுகிறார். எல்லாம் 'அமைதி காக்கவும்' பலகைக்கு நேர் கீழே. பக்கத்துப் படுக்கைக்காரர் தம்பி பக்கம் சேர்ந்துவிட்டார். என் பணிக்காலத்தில் முதல் முறையாக ஒரு சத்தத்தை அதட்டாமல் திரும்பினேன்.

மார்ச் 17

மாஸ்டர் கூப்பிட்டனுப்பினார். கையை நீட்டினார். பி.பி. பார்த்தேன். நூற்றைம்பது, தொண்ணூறு. அதிகம். அப்படியே சொன்னேன்.

"சண்டை போட்டேன்ல, இருக்கும்" என்றார். பிறகு, "இனிமே நீங்களே வந்து பாருங்க."

ஓடிப்போய் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. யாரிடம் சொல்ல? ஒருவருக்கு பி.பி. ஏறியிருக்கிறது என்று சந்தோஷப்படுகிற நர்ஸை யார் நம்புவார்கள்?

மார்ச் 20

நெறியாளரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். படிப்பை விட்டுவிடுங்கள் என்பார் என்று பயந்தேன். அவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "அக்கா! இதை முதல்ல சொல்லிட்டு அப்புறம் அந்த நர்ஸுகளைக் கேளுங்க!"

மேடம் அக்காவாகிவிட்டேன்.

பேட்டி முறையை மாற்ற நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். மாஸ்டரின் ஒப்புதலும் வேண்டும். படிவத்தை அவர் மூன்று முறை படித்தார். கையெழுத்துப் போடும் முன் சிவப்புப் பேனா கேட்டார். இரண்டு எழுத்துப் பிழைகள் திருத்தப்பட்டன.

மே 6

அனுமதி வந்து இன்று முதல் மறுபேட்டி. தீவிர சிகிச்சைப் பிரிவில் கறார் என்று பேரெடுத்தவள். என் கதையை நான் முடிக்கவில்லை, "சிஸ்டர், என்னுது இதைவிட மோசம்" என்று ஆரம்பித்தாள். நடுவில் சிரித்தாள், நடுவில் அழுதாள். ஒலிப்பதிவுக் கருவியில் பேட்டரி தீர்ந்த பிறகும் பேசிக்கொண்டே இருந்தாள்.

நவம்பர் 28

ஆய்வேட்டைச் சமர்ப்பித்தேன். முன்னூற்றுப் பன்னிரண்டு பக்கம். வீட்டுக்காரர் கையில் தூக்கிப் பார்த்து, "இதோட நீ ஏறினா லிஃப்ட் நின்னுடும்" என்றார்.

ஜூன் 10

வாய்மொழித் தேர்வு. வெளித் தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "அதே நிலைமை திரும்ப வந்தா பொய் சொல்வீங்களா?"

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "தெரியல சார். சொல்லக் கூடாதுன்னு தெரியும். வாய் தவறிச் சொல்லிட்டா, அன்னிக்கே போய் ஒத்துக்குவேன்."

அவர் எதையோ குறித்துக்கொண்டார். பின்வரிசையில் என் பதினான்கு பேரும் கைதட்டினார்கள். பதினான்கு பேருக்கும் ஒரே நாளில் என்ன காரணம் சொல்லி லீவு கிடைத்தது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஜூன் 11

காலை டியூட்டி. நான் தேறிவிட்டதை வார்டு முழுக்கப் பரப்பிவிட்டார்கள் போல. மூன்றாம் படுக்கைப் பெரியவருக்குக் காலில் புண்ணோடு ஒட்டிப்போன கட்டுத்துணியைப் பிரிக்க வேண்டும்.

"டாக்டரம்மா, வலிக்குமா?"

"வலிக்கும் ஐயா. மூணு எண்ணுறதுக்குள்ள எடுத்துடறேன்."

எடுத்தேன். "அஞ்சு ஆயிடுச்சு, மன்னிச்சுக்குங்க."

"ஏழு" என்றார். "நானும் எண்ணிட்டுத்தான் இருந்தேன்."