மஞ்சள் நைட்டி

சேட்டனுக்கு,

பக்கத்து வீட்டு ஏலியாம்மா சேச்சியின் அடுக்களையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடுவில் ஒரு மதில்தான். ஆனால் நான் அருகில் இருந்தால் நம் குழந்தை அம்மிணி டப்பாப் பாலைத் தொடமாட்டாள் என்று துரத்திவிட்டீர்கள். போனையும் பிடுங்கிக்கொண்டீர்கள்.

திங்கட்கிழமை பிரசவ விடுப்பு முடிகிறது. காயங்குளத்திலிருந்து திருவல்லா வரை பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கிறவள் எந்த நிறுத்தத்தில் இறங்கிப் பால் கொடுப்பேன்? உங்கள் அம்மாவோ, "பசிச்சா தன்னால குடிக்கும்டீ" என்கிறார். மூன்று மணி நேரமாகப் பிள்ளை கத்துகிறாள். இங்கே என் ரவிக்கை நனைந்து, சேச்சி துண்டு கொடுத்திருக்கிறாள்.

என் நைட்டியைப் போட்டுக்கொண்டு பாட்டிலைக் கொடுங்கள், என் வாசனைக்குக் குடிப்பாள் என்று காலையிலேயே தலைபாடாக அடித்துக்கொண்டேன். "ஆம்பளை நைட்டி போட்டா டீக்கடையில சிரிக்க மாட்டானுங்களா?" என்றீர்கள். உங்கள் மானம் பெரிது, அவள் பசி சின்னதா?

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவள் அழுகை நின்றுவிட்டது. பதறிப்போய் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். முற்றத்தில் என் மஞ்சள் நைட்டியில், மீசையோடு, நீங்கள். பாட்டில் பாதி காலி.

"கர்த்தாவே! இவன் உன்னவிட லட்சணமா இருக்கானேடீ" என்றாள் சேச்சி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் எரிச்சலாகத்தான் இருக்கிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. நான் இல்லாமலே குடித்துவிட்டாளே.

அந்த நைட்டியைத் துவைக்கப் போட்டுவிடாதீர்கள். திங்கட்கிழமைக்கும் அதில் நான் இருக்க வேண்டும்.

மதிலுக்கு இந்தப் பக்கத்திலிருந்து,
உங்கள் வீட்டுக்காரி