குருவிக்கு வைத்த தண்ணீர்

அன்புள்ள அம்மாவுக்கு உன் மகள் எழுதுவது. நான் இருக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. வேலை செய்யும் வீட்டின் பின்பக்கம் அணிலும் குருவியும் நாக்கு வறண்டு அலைகின்றன. பாவம் என்று, ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பேசினில் பிடித்து வைத்தேன். என்னைக் கண்டால் அணில் வாலைத் தூக்கிக்கொண்டு அதட்டும், ஏதோ அதன் அப்பன் வீட்டுச் சொத்து மாதிரி.

நேற்று ஒரு குருவிக்குஞ்சு அதில் விழுந்து செத்துக் கிடந்தது. ஏறி வர ஒரு கல் போட்டு வைக்க எனக்குத் தோன்றவில்லை. நான் அழுததைப் பார்த்து வீட்டுக்கார அம்மா, "நீ வேணும்னா செஞ்ச? தாகத்துக்குத்தானே வச்ச?" என்றார்கள்.

அதையேதான் உனக்கும் சொல்கிறேன் அம்மா. என் பாப்பா நம் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து போன நாளிலிருந்து, "என் பேத்திய நானே கொன்னுட்டேன்" என்று நீ சோறு தொடாமல் கிடக்கிறாயாம். தம்பி போனில் அழுதான். கோடையில் தண்ணீர் பிடித்து வைக்காத வீடு உண்டா? தொட்டியை உடைக்க வேண்டாம் என்று அவனிடம் சொல். பலகை போட்டு மூடினால் போதும்.

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். ஒரு வாய் கஞ்சியாவது குடி. என்னை அம்மா என்று கூப்பிட இனி யாரும் இல்லை. நான் கூப்பிட நீயாவது இரு.