செல்லையாவின் வாத்துகள்

தாராவி, 15-12-1964, செவ்வாய்

நான் பேசாமல் இருந்தது போதும். அடுத்த வீட்டுச் செல்லையாவின் மூன்று வாத்துகளும் நேற்றுத் தொட்டியில் மூழ்கிச் செத்துப்போயின. எதிர்வீட்டு விதவை ஞானம்மாள் விஷம் வைத்துவிட்டாளாம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்ததும் கூட்டம் கூட்டி, அவளை அறையைக் காலி செய்யச் சொல்லப் போகிறார்கள்.

"வாத்து கத்துதுன்னு முந்தாநாள்கூட ஏசுனா! வேற எவவே வெசம் வைப்பா?" என்று செல்லையா கத்தினார்.

"நான் ஏசுனா செத்துருமா? உம்மைப் பத்து வருசமா ஏசுதேன், நீரு செத்தீரா?" என்றாள் ஞானம்மாள்.

எல்லாரும் சிரித்தார்கள். அவள் உள்ளே போய்ப் பெட்டியில் துணிகளை அடுக்கத் தொடங்கியதை நான் மட்டும் பார்த்தேன்.

விஷமல்ல, சோப்பு. கிறிஸ்துமஸுக்குத் திரைச்சீலை துவைத்த தண்ணீரையெல்லாம் செல்லையாவின் மனைவிதான் அந்தத் தொட்டியில் கொட்டினாள்; நானே பார்த்தேன். தண்ணீரின் மேற்பரப்பு தோல்போல இழுத்துப் பிடித்து நிற்பதால்தான் வாத்தின் இறகுக்குள் ஈரம் புகுவதில்லை. சோப்பு கலந்தால் அந்தப் பிடிப்பு தளரும். இறகு ஊறி, வாத்து கல்லாக இறங்கும்.

போன வருஷம் விளக்கேற்றி, கேக் வெட்டிவைத்துக் காத்திருந்தேன். கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடி வீடுவீடாக வரும் பஜனைக் கூட்டத்தை என் வாசலில் நிறுத்தாமல் கூட்டிப்போனவர் செல்லையா. அவர் தவிக்கட்டும் என்றுதான் சும்மா நின்றேன். தவிப்பது அவள்.

செல்லையாவுக்குக் கடிதம் எழுதிவிட்டேன். கிண்ணத்துத் தண்ணீரில் ஊசியை மெல்ல மிதக்கவிட்டு, ஒரு சொட்டு சோப்புநீர் விட்டுப் பாரும், ஊசி மூழ்கும்; உம் வாத்துகளும் அப்படித்தான் மூழ்கின என்று. என் பெயரைக் கண்டால் ஊசியை எடுக்கவே மாட்டார். நடுவில் ஒரு சுவர்தான். இருந்தாலும் பெயரில்லாமல் காலையில் தபாலில் போடுகிறேன்.