ஒரே வேலைக்கு நானும் நம் மகளும்

கோபித்துக்கொண்டு அறைக்குள் போனாலும், நான் சாப்பிட்டேனா என்று கதவுக்குப் பின்னால் நின்று காது கொடுத்துக் கேட்கும் என் ராஜிக்கு,

இன்றைக்குச் சமைத்தது நான். சாம்பாரில் உப்பு கூடிவிட்டது. யாழினி தண்ணீரைக் குடித்துக் குடித்துச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனாள். ஆமாம், வேலைக்குத்தான். அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. எனக்கு இருந்த வேலை போய்விட்டது. இதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் இத்தனை நாளாக உன் படத்துக்கு முன்னால் நிற்காமலே ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தேன்.

பாயான் லெப்பாஸ் கிலாங்கில் நான் பழுது பார்த்த ஆலை இயந்திரங்களையெல்லாம் கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள். புதிதாக வந்தவை தங்களுக்கு என்ன கோளாறு என்று தாங்களே சொல்லிவிடுகின்றன. எங்கோ ஒரு நாட்டில் உட்கார்ந்திருப்பவன் திரையைப் பார்த்தே சரிசெய்கிறான். எங்களைக் கேண்டீனில் கூட்டி உட்காரவைத்துச் சொன்னார்கள். சொன்ன மேனேஜர் நல்ல பிள்ளை, பேசும்போதே கண் கலங்கிவிட்டான். அடுத்த மாதம் அவனையும் அனுப்பிவிட்டார்களாம்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? ராஜியிடம் சொன்னால் யாரையாவது பிடித்துவிடுவாள் என்றுதான் தோன்றியது. நீ இல்லை என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. நீ போய் இவ்வளவு காலம் ஆன பிறகும் இப்படி மறக்குமா ஒருவனுக்கு?

ஜவுளிக்கடையில் சேலையை விரித்துக் காட்டிக்கொண்டே நீ எத்தனை பேருக்கு வேலை வாங்கிக் கொடுத்திருப்பாய்! "அக்கா, இந்தக் கலரு உங்களுக்கு எடுப்பா இருக்கு. அது சரி, உங்க கிலாங்ல ஆள் எடுக்கறாங்களா? எங்க புளோக்ல ஒரு பிள்ள படிச்சுட்டு சும்மா இருக்குலா" என்பாய். எனக்கும் அப்படித்தானே கிடைத்தது? சூப்பர்வைசர் பெண்சாதி சேலை வாங்க வந்தபோது, "எங்க வீட்டுக்காரரு கை வச்சா எந்த மெஷினும் ஓடும்" என்று சொல்லிவிட்டாய். அப்போது எனக்கு வீட்டுக் காற்றாடியைக் கழற்றி மாட்டக்கூடத் தெரியாது. நீ சொன்ன பொய்யை உண்மையாக்கத்தான் நான் ராப்பகலாக வேலை கற்றுக்கொண்டேன்.

இப்போது கேட்பதற்கு ஆளே இல்லை, ராஜி. எந்த கம்பெனி வாசலுக்குப் போனாலும் காவலாளி சுவரில் ஒட்டியிருக்கும் சின்னக் கட்டத்தைக் காட்டி, கைப்பேசியில் படம் பிடித்து அதன் வழியாக விண்ணப்பிக்கச் சொல்கிறான். உள்ளே போய் ஒருவர் முகத்தைப் பார்த்து, "எனக்கு இந்த வேலை தெரியும்" என்று சொல்ல வழியில்லை.

யாழினிதான் எனக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தாள். வயதைப் போடாமல் விட்டுவிடலாம் என்றாள். அடுத்த பக்கத்தில் அடையாள அட்டை எண்ணைக் கேட்டது. அதன் தொடக்கத்திலேயே பிறந்த தேதி இருக்கிறதே, எங்கே ஒளித்துவைப்பது? அனுப்பிவிட்டுத் தேநீர் கலக்கப் போனேன். தண்ணீர் கொதிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. மிகவும் மரியாதையாக, வருத்தத்தோடு, வேண்டாம் என்று. இவ்வளவு சீக்கிரத்தில் யார் படித்திருப்பார்கள்? யார் வருந்தியிருப்பார்கள்?

ஒரு கம்பெனி நேர்முகம் என்று கூப்பிட்டது. சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கைப்பேசி முன்னால் உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் ஆளே கிடையாது. திரையில் கேள்வி வரும், நாம் திரையைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும், அதை எதுவோ பார்த்து மதிப்பெண் போடும். எனக்குத் தெரிந்தது என் முகம் மட்டும்தான். "குட் மார்னிங் சார்" என்றேன். பக்கத்தில் இருந்த யாழினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் சிரிப்பு அழுகையாக மாறிவிட்டது. ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

அவளுக்கும் வேலை போயிருந்தது. என்னிடம் சொல்லவில்லை, எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வீட்டிலிருந்தபடியே மூன்று மொழியில் விளம்பரம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாளே, அந்த கம்பெனி மெஷினை வைத்து எழுதத் தொடங்கிவிட்டது. முதலில் மெஷின் எழுதியதைத் திருத்திக் கொடுக்கச் சொன்னார்கள். அவளும் திருத்தினாள். இவள் திருத்தத் திருத்த அது நன்றாக எழுதக் கற்றுக்கொண்டது. பிறகு திருத்தவும் ஆள் வேண்டாம் என்றுவிட்டார்கள். கணினி முன்னால் அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, பிள்ளை வேலை செய்கிறாள் என்று நான் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்துவைப்பேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தது வேலை விளம்பரங்களை.

இந்தச் சமயத்தில்தான் கிலாங் பேருந்து ஓட்டும் நம் மோகன் கூப்பிட்டான். "அண்ணே, ஜூருல ஒரு பார்சல் கிடங்கு தொறந்திருக்கான். நேரா போனா இண்டர்வியூலா. ஆளுங்கதான் உக்காந்திருப்பாங்க, போன் இல்ல. போயிட்டு வாங்க" என்றான். ஆள்கள் உட்கார்ந்திருப்பார்கள் என்ற அந்த ஒரு சொல்லுக்காகவே கிளம்பினேன். கிடங்கில் பார்சல் பிரித்து அடுக்கும் வேலை என்று சொன்னால் யாழினி தடுப்பாள். மோட்டார் சாமான் வாங்கப் போவதாகச் சொன்னேன். அவளும் அன்றைக்குக் கெலுகோரில் கூடப் படித்த பிள்ளையைப் பார்க்கப் போவதாகச் சொல்லியிருந்தாள்.

மோட்டார் சைக்கிளைப் பெரிக் கப்பலில் ஏற்றிக் கடல் தாண்டிப் பட்டர்வொர்த் போய், அங்கிருந்து ஜூரு போய்ச் சேர்ந்தேன். பெரிய கொட்டகை. வரிசையாக பிளாஸ்டிக் நாற்காலிகள். எல்லாம் இருபது, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள். என்னைப் பார்த்து ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தான். யாரையோ கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பான்.

உட்கார்ந்து நிமிர்ந்தால், முன் வரிசையில் ஒரு பிள்ளை. பின்னலைப் பார்த்தேன், தோளைப் பார்த்தேன். எந்தக் கூட்டத்தில் இருந்தாலும் எனக்குத் தெரியாதா? அவளும் ஏதோ தோன்றித் திரும்பினாள்.

"ப்பா! நீங்க இங்க என்ன பண்றீங்க?"

"நீ கெலுகோர் போறேன்னு சொன்ன?"

"நீங்க மோட்டார் சாமான் வாங்கப் போறேன்னு சொன்னீங்க."

பக்கத்திலிருந்த ஒரு பெண் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். "அப்பாவும் மகளும் சேந்து வந்தீங்களா? நல்லாருக்குலா" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

அவள் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பார்சல் பிரிக்கவாம்மா உங்கம்மா உன்ன யூனிவர்சிட்டிக்கு அனுப்புனா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் என் முகத்தைப் பார்க்காமலே, "நான் படிச்ச வேலைய இப்ப மெஷின் பாத்துக்குதுப்பா. இத இன்னும் பாக்க ஆரம்பிக்கல. அதான் வந்தேன்" என்றாள். நீ இருந்திருந்தால் இதற்கு என்ன பதில் சொல்லியிருப்பாய்? 

ஆளுக்கு ஒரு கருவியைக் கொடுத்தார்கள். திரையில் வரும் எண்ணும் பெட்டியின் எண்ணும் ஒன்றாக இருந்தால் விரலால் தட்ட வேண்டும். எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தட்டினேன். அதன் பிறகு ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்கள். யாழினி முதலில் போனாள். வெளியே வரும்போது என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். சின்ன வயதில் ஏதாவது செய்துவிட்டு வந்து நிற்பாளே, அந்தச் சிரிப்பு.

உள்ளே இருந்தது ஒரு மலாய்ப் பெண். யாழினியை விட ஓரிரு வயதுதான் கூட இருக்கும். "உட்காருங்க பாக்சிக்" என்று மாமாவைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டாள். கையிலிருந்த திரையைப் பார்த்தாள். நம் பிள்ளைகள் பெயரோடு தகப்பன் பெயரும் ஒட்டிக்கொண்டு வருகிறதே, குணசீலன் என்ற என் பெயர் அடுத்தடுத்து வந்தால் யாருக்குத்தான் தெரியாது?

"இப்பப் போனவங்க உங்க மகளா?" என்று மலாயில் கேட்டாள்.

"ஆமாம்."

"என்ன எடுக்க வேணாம், எங்கப்பாவ எடுங்கன்னு சொல்லிட்டுப் போறாங்க. நீங்க வீட்ல சும்மா இருந்து பழக்கமில்லாதவராம். சாப்பாடே இறங்கலையாம்."

"அவ சின்னப் பிள்ள, தெரியாம சொல்லிட்டா. அவளையே எடுங்க. எனக்கு வேற இடத்துல சொல்லியிருக்காங்க" என்றேன். எந்த இடம்? யார் சொன்னது? உன்னைப்போலப் பொய் சொல்லிப் பார்த்தேன். உன்னைப்போல வரவில்லை.

அந்தப் பெண் திரையைக் கவிழ்த்து வைத்தாள். "பாக்சிக், நான் ஆள் எடுக்கறதில்ல. நீங்க விரலால தட்டினப்பவே முடிவு வந்துருச்சு. அவங்க பேரு வந்திருக்கு, உங்க பேரு வரல. நேர்ல ஒருத்தர் சொன்னா மனசுக்கு ஆறுதலா இருக்கும்னுதான் என்ன இங்க உக்கார வச்சிருக்காங்க" என்றாள். "எங்கப்பாவும் வீட்லதான் இருக்காரு" என்றும் சொன்னாள்.

யாழினி எனக்காக விட்டுக்கொடுத்தாள், நான் அவளுக்காக விட்டுக்கொடுத்தேன். விட்டுக்கொடுப்பதற்கு எங்கள் கையில் எதுவுமே இருக்கவில்லை, ராஜி.

திரும்பி வரும்போது இருவரும் ஒரே மோட்டாரில்தான் வந்தோம். பெரிக் கப்பலில் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கம்பியோரம் போய் நின்றேன். உன்னிடம் ஒன்றையும் மறைக்கப் போவதில்லை. இந்தப் பிள்ளைக்கு இனி நான் பாரம் மட்டும்தானே, நானும் ராஜியிடமே போய்விட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. அன்றைக்குத்தான் முதல்முறை வந்தது என்றும் சொல்ல முடியாது. வேலை போன நாளிலிருந்தே அது என் பக்கத்தில் வந்து வந்து உட்கார்ந்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

யாழினி வந்து என் சட்டைக் கையைப் பிடித்தாள். "என்னப்பா யோசிக்கறீங்க?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். அவள் கையை எடுக்கவில்லை. "எனக்குத் தெரியும்ப்பா. ரெண்டு வாரமா உங்க முகத்தத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். வாயத் தொறந்து சொல்லுங்க" என்றாள்.

சொல்லிவிட்டேன். பெற்ற பிள்ளையிடம், கடலுக்கு நடுவில், சுற்றிலும் ஆள்கள் நிற்கும்போது. அவள் அங்கே அழவில்லை. "நான் சம்பளத்தோட வீட்டுக்கு வர்றப்ப கதவத் தொறக்க ஆளில்லன்னா, அந்தச் சம்பளத்த வச்சு நான் என்னப்பா பண்றது? அம்மா போனத நான் எப்படித் தாங்குனேன்னு நினைக்கறீங்க? நீங்க இருந்தீங்க" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். நானும் அழுதேன்.

மறுநாள் அவளே என்னை அரசாங்க கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஒரு டாக்டரம்மா நான் பேசுவதைப் பொறுமையாகக் கேட்டார். மாத்திரை கொடுத்தார், திரும்ப வரச் சொன்னார், போய்க்கொண்டிருக்கிறேன். மோகனிடமும் சொல்லிவிட்டேன். "ஏண்ணே, இதக்கூட எங்கிட்ட சொல்லக் கூடாதா?" என்று திட்டினான். இப்போது தினமும் ஷிப்ட் முடிந்ததும் காரணமே இல்லாமல் வந்து கதவைத் தட்டுகிறான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. எனக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. ஜூருவில் கார்ப் பட்டறை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன், ஆள் வேண்டாம் என்கிறார்கள். நேற்றும் ஒரு விண்ணப்பம் போட்டேன், அதே மரியாதையோடு, அதே வருத்தத்தோடு பதில் வந்தது. யாழினிக்குக் கொடுத்திருப்பது மூன்று மாத ஒப்பந்தம். கையில் மாட்டிவிட்டிருக்கும் கருவி அவள் கொஞ்சம் நின்றாலே கத்துகிறதாம். அட்டைப்பெட்டி கிழித்து விரலெல்லாம் பிளாஸ்டர். அந்தக் கையோடு உட்கார்ந்து அவளும் வேறு வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். மூன்று மாதம் கழித்து என்ன? எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. அந்த மலாய்ப் பெண்ணுக்குத் தெரியுமா?

சில நாள் காலையில் எழுந்திருக்கவே மனம் வருவதில்லை. அவளுக்குச் சோறு கட்ட வேண்டும் என்பதற்காக எழுந்திருக்கிறேன். இப்போதைக்கு அது ஒன்றுதான் என் வேலை.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன், ராஜி. உன்னிடம் வர அவசரப்பட மாட்டேன். கூப்பிட்டாலும் வர மாட்டேன். நீ கூப்பிட மாட்டாய் என்றும் எனக்குத் தெரியும். அந்த நினைப்பு மறுபடி வந்தால், அது உட்காருவதற்குள் யாழினியிடம் சொல்லிவிடுவேன். வேலை கிடைக்கிறதோ இல்லையோ, அவள் வந்து தட்டும்போது கதவைத் திறப்பது நானாகத்தான் இருக்கும். நீ அங்கே தனியாகத்தான் இருக்க வேண்டும், இன்னும் ரொம்ப நாளைக்கு.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன், யாழினியின் அப்பா,
குணசீலன்
ஜெலுத்தோங், பினாங்கு