தீரிக்காக அறுபத்தொரு கையெழுத்து

பிப்ரவரி 9, 2021, செவ்வாய்

பர்மாவிலிருந்து, யாங்கோன் தீரியின் மின்னஞ்சல். மூன்று வருடமாக எங்கள் பேண்டேஜ் துணி மூட்டைகளுக்கு அந்தப் பக்கம் இறக்குமதிக் காகிதம் பார்ப்பவள் அவள், இந்தப் பக்கம் நான். கன்டெய்னர் எண், தேதி. எப்போதாவது மழை, எப்போதாவது அவள் பூனை. இன்று நாலே வரி. ராணுவம் ஆட்சியைப் பிடித்துவிட்டது. அவர்களுக்குக் கீழ் வேலை செய்ய மாட்டோம் என்று அலுவலகமே வெளியேறிவிட்டது. என்னிடமிருந்து பதில் வராவிட்டால் உன்னை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே.

முதலாளியிடம் காட்டினேன். ஹரிகிருஷ்ணன் சாருக்கு நாலு வரியில் ஒன்றுதான் கண்ணில் பட்டது. "அப்போ நம்ம சரக்க யாரும்மா இறக்குவா?"

மார்ச் 3, புதன்

தீரியைப் பிடித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊர்வலத்தில். அவள் கையில் இருந்தது ஒரு அட்டையும் தண்ணீர் பாட்டிலும்தான் என்று அவள் தம்பி எழுதியிருக்கிறான். ஒரு சர்வதேசத் தொழிற்சங்கம், சிறையில் இருப்பவர்களுக்காக, அவர்களோடு வேலைத் தொடர்பு உள்ள வெளிநாட்டுத் தொழிலாளர்களிடம் கையெழுத்துக் கேட்கிறதாம். வெளியே பல பேர் பெயர் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தால், உள்ளே இருப்பவரைக் காணாமல் ஆக்குவது அவ்வளவு சுலபமில்லை. இருபதாம் தேதிக்குள் வேண்டும்.

நானா? பஸ்ஸில் ஜன்னலைத் திறக்கச் சொல்வதற்கே எனக்கு இரண்டு நிறுத்தம் ஆகும்.

மார்ச் 8, திங்கள்

கடிதம் எழுதி ஆபீஸில் கொடுத்தேன். ஏழு பேரில் கையெழுத்துப் போட்டது கல்பனா மட்டும். அதுவும் படிக்காமல். "நீ தப்பா எழுதவா போற? கொண்டா." இம்மானுவேல் அண்ணன் இரண்டு முறை படித்தார், ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினார், "நல்லா எழுதியிருக்கம்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்!

மார்ச் 12, வெள்ளி

எங்கள் துணியை நெய்யும் சத்திரப்பட்டி தறி செட்டுக்குப் போனேன். அந்த இரைச்சலில் என்ன பேசுவது? தாளை நீட்டினேன். அரை மணி நேரத்தில் அறுபத்தொரு கையெழுத்து. வரிசையில் நின்று போட்டார்கள். பக்கத்து செட்டிலிருந்து ஓடிவந்தும் போட்டார்கள். கண் கலங்கிவிட்டது. படித்தவர்கள் ஆறு பேர் யோசித்தார்கள், இவர்கள் யோசிக்கவே இல்லை என்றெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

பஸ்ஸில்தான் கவனித்தேன். எல்லோரும் பெயருக்குப் பக்கத்தில் வாக்காளர் அட்டை எண்ணை எழுதியிருக்கிறார்கள். நான் கேட்கவே இல்லையே?

மார்ச் 13, சனி

எதற்கென்று இன்று தெரிந்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் தேர்தல் பறக்கும் படை என் பையைச் சோதித்தது. அறுபத்தொரு பெயர், விலாசம், வாக்காளர் எண்.

"எந்தக் கட்சிம்மா?"

"பர்மாவுக்கு சார்."

"பர்மாக்காரனுக்கு இங்க எதுக்கு ஓட்டு? டோக்கன் எங்க வச்சிருக்க? குக்கரா, மிக்ஸியா?"

மூன்று மணி நேரம் அவர்கள் ஆபீஸில் ஒரு பெஞ்சில். அத்தா கடையை அடைத்துவிட்டு வந்தார். கடிதத்தை அந்த அதிகாரியே உரக்கப் படித்தார், பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தார், தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டார். வெளியே வந்ததும் அத்தா: "சேக் முகைதீன் மவள ஜீப்புல ஏத்துனாங்கன்னு பஜாரே பேசுது. அவிய நாட்டுல சண்டைன்னா நீ ஏம்புள்ள பெஞ்சுல உக்காரணும்?"

ஜீப்பில் ஏற்றவில்லை, நடந்துதான் போனேன் என்றேன். அதுதான் முக்கியமா?

ஆக, அறுபத்தொரு பேரும் குக்கருக்குத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

மார்ச் 14, ஞாயிறு

அப்படியே அனுப்பிவிடலாமா? யாங்கோனில் யாருக்குத் தெரியப்போகிறது? தெரியாதுதான். ச்சே.

மார்ச் 15, திங்கள்

மறுபடி தறி செட். சாப்பாட்டு நேரம், தறி நின்றிருந்தது. குக்கர் இல்லை, இது வேறு விஷயம் என்று சொல்லி முடிப்பதற்குள் பத்துப் பேர் வந்து பெயரை அடித்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி என் கையிலிருந்த பேனாவையே வாங்கி அடித்தாள். கடிதத்தைப் படித்துக் காட்டினேன். ஓரமாகச் சோறு தின்றுகொண்டிருந்த வெள்ளைத்தாய் அக்கா கேட்டாள்.

"அந்தப் பிள்ள வேலைய நிறுத்துனாளா?"

"ஆமாக்கா."

"அதுக்கு உள்ள போட்டுட்டானுவளா?"

"ஊர்வலம் போனதுக்கு."

"ம். போன வருசம் நாங்க பதினெட்டு நாள் தறிய நிறுத்துனோமே, அப்ப நீ எங்க இருந்த?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஆபீஸில் இருந்தேன். ‘மூன்று நாளில் வேலைக்குத் திரும்பாதவர்கள்’ என்று தொடங்கும் நோட்டீஸைத் தட்டச்சு செய்தது நான்தான். பதினெட்டாம் நாள், ஆறு மாதத்தில் கூலி உயர்த்துவதாகச் சார் ஒப்புக்கொண்ட காகிதத்தைத் தட்டச்சு செய்ததும் நான்தான். அது அவர் மேஜை இழுப்பறைக்குள் போனது. ஆறு மாதம் எப்போதோ முடிந்துவிட்டது.

"அப்படி ஒரு பேச்சே நடக்கலங்காரு ஒங்க மொதலாளி," என்றாள். "கடல் தாண்டி இருக்கவளுக்கு எம்புட்டு நல்லா எழுதுத. எங்களுக்கு ஒத்த வரி எழுதேன். நாந்தான் டைப் அடிச்சேன்னு."

"நான் எப்படிக்கா…"

"அப்ப எந்திரி. செத்த நேரம் படுக்கணும்."

எழுந்து வந்துவிட்டேன். தன் கையெழுத்தை மட்டும் அவள் அடிக்கவில்லை. ஏன் அடிக்கவில்லை? திட்டிவிட்டு அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அதற்குள் இன்னும் பதினேழு பேர் அடித்திருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன், முப்பத்துநான்கு மிச்சம்.

மார்ச் 17, புதன்

உலகத்தில் எங்கெங்கோ நடந்த அநியாயங்களைப் பற்றி எத்தனை புத்தகம் படித்திருக்கிறேன். அடிக்கோடு வேறு. என் விரல் அடித்த காகிதம் அக்கா கேட்கும்வரை எனக்கு ஞாபகம் வரவில்லையாம்!

அக்கா கேட்ட அந்த ஒத்த வரியைப் பற்றிக் கல்பனாவிடம் சொன்னேன். "ஏட்டி, கையெழுத்துப் போட்டா ஒனக்கு வேல போயிரும். போடலைன்னா ஒனக்குத் தூக்கம் போயிரும். அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

மார்ச் 19, வெள்ளி

அந்த முப்பத்துநான்கு கையெழுத்துகளையும் கல்பனாவுடையதையும் ஸ்கேன் செய்து அனுப்பினேன்.

பிறகு சத்திரப்பட்டி போனேன். ‘கூலி ஒப்பந்தத்தைத் தட்டச்சு செய்தவள் நான். அதன் விவரம் பின்வருமாறு.’ தேதி போட்டு, பெயர் போட்டு, கையெழுத்து. வெள்ளைத்தாய் அக்கா தாளை மடித்து டிபன் பைக்குள் வைத்தாள். நன்றி என்று ஒரு சொல் இல்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

ஏப்ரல் 9, வெள்ளி

தேர்தல் முடிந்து மூன்றாம் நாள், தறிக்காரர்களின் மனு என் தாளோடு தொழிலாளர் துறைக்குப் போய்விட்டது. ஹரிகிருஷ்ணன் சார் கத்தவில்லை. "ஒன்ன வீட்டுப் பிள்ளையா நெனச்சேன்" என்றார். திங்கள் முதல் எனக்குக் குடோனில் வேலை. மூட்டை எண்ண வேண்டும். கம்ப்யூட்டர் கிடையாது.

மே 24, திங்கள்

ஊரடங்கு. பேண்டேஜ் துணி அத்தியாவசியமாம், எங்களுக்கு மட்டும் வேன் வருகிறது. தும்மல். பஞ்சுத் தூசு. தீரியைப் பற்றித் தகவல் இல்லை. தம்பியின் எண்ணும் அடங்கிவிட்டது.

ஜூன் 11, வெள்ளி

எதற்கும் பிரயோஜனம் இல்லை. எழுதப் பிடிக்கவில்லை.

ஜூலை 4, ஞாயிறு

தீரி வெளியே வந்துவிட்டாள்! புதன்கிழமை விட்ட ஆட்களில் அவளும் ஒருத்தி. யாருடைய கணக்கிலிருந்தோ எழுதியிருக்கிறாள். கையெழுத்துகளால்தான் விட்டார்களா என்று அவளுக்கும் தெரியாது. ஆனால் வழக்கறிஞர் அந்தப் பட்டியலைக் காட்டியபோது ஒவ்வொரு பெயரையும் உரக்கப் படிக்கச் சொன்னாளாம். அவருக்கு ஒரு பெயர்கூடச் சரியாகச் சொல்ல வரவில்லையாம். இன்னும் உள்ளே இருப்பவர்களின் பெயர்களையும் அனுப்பியிருக்கிறாள். நீளமான பட்டியல்.

நீ ஏன் இப்போது ஆபீஸ் முகவரியிலிருந்து எழுதுவதில்லை என்று கேட்டிருந்தாள். சொன்னேன். குடோன், வெள்ளைத்தாய் அக்கா, இழுப்பறைக்குள் இருக்கும் காகிதம், எல்லாம்.

சாயங்காலமே பதில். மறுபடி பிடிப்பார்கள் என்று அவளும் அவளோடு பதினான்கு பேரும் இப்போது ஒளிந்து இருக்கிறார்களாம். சொந்தப் பெயரில் கையெழுத்துப் போட முடியாது, தொழிலையும் ஊரையும் மட்டும் எழுதுவார்களாம். "உங்கள் முதலாளியின் மின்னஞ்சல் முகவரியைக் கொடு."

பைத்தியமா இவளுக்கு? உயிருக்குப் பயந்து ஒளிந்திருக்கிற நேரத்தில் சத்திரப்பட்டி தறிக் கூலியா?

கோபமாக ஒரு பதில் எழுதி அழித்தேன். பிறகு முகவரியை அனுப்பினேன். கடைசி எழுத்துவரை சரியா என்று மூன்று முறை பார்த்துவிட்டு.