சீனப் புத்தாண்டும் நம் வீட்டுக் குப்பையும்

அப்பாவுக்கு,

இந்திய விஞ்ஞானத்தின் எதிர்காலம் இன்று ராஜபாளையத்தில், நம் வீட்டு விளக்குமாற்றை நம்பி நிற்கிறது.

சீனப் புத்தாண்டன்னைக்கு வீட்டைக் கூட்டினால் அதிர்ஷ்டம் வெளியே போயிடும்னு சிங்கப்பூர்ல அக்கா பக்கத்து வீட்டுச் சீனாக்காரம்மா சொன்னாங்களாம். பிரசவம் பார்க்க அங்கே போயிருக்கிற அம்மா, அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்த கையோடு அதைப் போனில் சொல்ல, நீங்க இங்கே விளக்குமாற்றை ஒளிச்சு வெச்சீங்க. "அங்க பிறக்கப்போற பிள்ளைக்கு இங்க குப்பை காவலா?"ன்னு கேட்டேன். "ஏலே, வாயை மூடு"ன்னீங்க. அதுக்குப் பொறவு நம்ம வீட்டில் பேச்சே இல்லை.

ரசம் அடுப்பு மேல இருக்கு. இன்னைக்கும் பழக்கதோஷத்தில் மூணு பேருக்கு அரிசி போட்டுட்டேன். அம்மா பங்கில் தண்ணி ஊத்தி வைங்க.

வாசக்கதவைச் சாத்தாதீங்க. எதிர்வீட்டுக்குப் போன் வந்தா மொக்கைச்சாமி மாமா கூப்பிடுறது காதில் விழணும்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ல விஞ்ஞானப் பரீட்சை எழுதிட்டுச் சாயங்காலம் வாரேன்.

சேதுபதி

பி.கு: விளக்குமாறு அரிசிப் பானைக்குப் பின்னாடி கிடைச்சுது. கூட்டலை. நேரமில்லை, வேற ஒண்ணும் நினைக்க வேண்டாம். அம்மா போன் வர்ற வரைக்கும் நாளைக்கும் நேரம் இருக்காதுன்னுதான் நினைக்கேன்.