இரண்டாம் வகுப்பின் சன்னல்

குட்டியின் அப்பாவுக்கு அன்புடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் முதுகுவலி தேவலையா?

நான் வரைபடம் போடும் பள்ளிக்கூடத்துக்குக் கிடைத்தது இரண்டு கடைகளுக்கு நடுவே ஒரு கீற்று நிலம். வகுப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மொட்டைமாடியில் விளையாட்டுத் திடல் வைத்திருக்கிறேன். அட்டையில் செய்த மாதிரியைப் பார்த்துக்கொண்டே இருந்தால், பிள்ளைகள் மேகத்துக்குள் ஓடி மறைவதுபோல் இருக்கிறது.

நேற்று தலைமையாசிரியை அதைக் குனிந்து பார்த்தார். "ஏம்மா, எங்க ரெண்டாங்கிளாஸ் பிள்ளைங்க இவ்வளவு குட்டையா? சன்னல் இப்படித் தாழ இருந்தா, எட்டிப் பார்க்கிறவன் தெருவுலதான் போய் விழுவான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். குட்டியை மனதில் வைத்தே உயரம் போட்டிருந்தேன். வேலைக்காக நான் ஊரைவிட்டுக் கிளம்பியபோது அவளுக்கு நான்கு வயது. இப்போது அவளும் இரண்டாம் வகுப்பு என்பது அப்போதுதான் உறைத்தது.

வெள்ளிக்கிழமைக்குள் திருத்தாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடுமாம். கவலைப்படாதீர்கள், சரியான அளவு புத்தகத்திலேயே இருக்கிறது.

இருந்தாலும் அவளைச் செருப்பில்லாமல் கதவோரம் நிறுத்தி, உச்சந்தலை வரை ஒரு நூலால் அளந்துவிடுங்கள். எண்ணை எழுத வேண்டாம். அந்த நூலையே மடித்து உறையில் வைத்து அனுப்புங்கள்.

தபால்காரர் வரும் நேரம், முடிக்கிறேன்.

உங்களவள்